மட்டம் பார்த்து வைத்த கல்

"கல்லையும் மரத்தையும் ஒண்டாப் பூட்டுறதோ? சம்மதம் கேக்காமல் கட்டி வைச்ச கலியாணம் மாதிரித்தான். உது ஒரு விண்டர் தாண்டாது, பிள்ளை."

இப்படிச் சொன்னவர் அப்பாவின் நண்பர். வீடுகளின் சமையலறை மேடைகளுக்குக் கல் பதித்துப் பூட்டுவது அவருடைய தொழில். வெட்டி மிஞ்சும் கிரனைட் துண்டுகளை எறியாமல் எனக்கென்று எடுத்து வைப்பார். அன்றைக்கும் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் வானை நிறுத்தி, தட்டளவில் ஒரு கறுப்புத் துண்டை இறக்கிக்கொண்டே சொன்னார். தேநீர் மேசையின் நடுவில் அந்தக் கல்லைப் பதிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

"பாப்பம் அங்கிள்" என்று சிரித்தேன். மரத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது கொஞ்சம். என்னைப் பற்றி இருந்த நம்பிக்கை நிறைய.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து திரிந்ததில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபின் அப்பா ஒரு பண்டகசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டினார், அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கினார், நான் படித்தேன். வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முடித்து, குடிதண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

மரவேலையும் அந்தப் பட்டத்தில்தான் தொடங்கியது. பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட அப்பாவுக்கு ஆசை. கடையில் பார்த்த சட்டங்கள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் பிளாஸ்ரிக்" என்று திரும்பி வந்துவிட்டார். நானே செய்கிறேன் என்றேன். அயலவர் தெருவோரம் போட்டிருந்த கட்டிலின் பலகை ஒன்றை இழுத்து வந்தேன். ஒரு கைவாளும் பசையும் வாங்கினேன். மூன்று வார இறுதிகளைக் கராஜில் செலவழித்தேன். நாலு மூலையில் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு மூலையில் சுண்டுவிரல் நகம் போகும்.

அப்பா அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பட்டம் நேர். சட்டம்தான் கோணல்" என்றார்.

என்றாலும் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கோணல் சட்டத்தைக் காட்டிச் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் பட்டத்தைக் காட்டுவார்.

எனக்கோ அந்த மூலைகளைப் பார்த்தாலே ஆகாது. சரியாக ஒரு மூலை வரும்வரை விடுவதில்லை என்று தொடங்கியது, பலகை பலகையாகப் போனது. வெட்டும்பலகை, சமையல் சரக்குப் பெட்டி, செருப்புத் தட்டு. வீடு மாறிப் போன ஒருவர் விற்ற பழைய மின்சார மேசை வாள் கராஜின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அதன்பின் காருக்கு அங்கே இடமில்லை. கோடைகாலம் என்பதால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு கல் வந்தது. கல்லைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூசி நெஞ்சுக்குள் போய்விடும். முகமூடி, கண்ணாடி, காதுமூடி, மழைச் சட்டை எல்லாம் போட்டு, டிரைவ்வேயில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுவேன். சாம்பல் நிறச் சேறு முழங்கால்வரை அடிக்கும்.

"சந்திரனுக்குப் போற ஆள் மாதிரி நிக்கிறாய்" என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போடுவார். "சனம் பாக்குது. படிச்ச பொம்பிளைப் பிள்ளை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்!"

ஓகஸ்டில் மேசை முடிந்தது. அகலமான மேப்பிள் பலகை. நடுவில் உளியால் குழி வெட்டி, அந்தக் கறுப்புக் கல்லை இறுக்கமாக இறக்கி, பசையும் போட்டிருந்தேன். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள்கூடப் போகாது. சூடான கேத்திலை நேராகக் கல்லின்மேல் வைக்கலாம். அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில் இருந்த அரைவாசிப் பேராவது வந்து அதைத் தடவிப் பார்த்திருப்பார்கள். நான் கராஜின் கதவைத் திறந்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே கடும் குளிர், உள்ளே ஹீற்றர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேசை 'டக்' என்றது. துவக்கு வெடித்த சத்தம் மாதிரி என்று அம்மா பிறகு எல்லோருக்கும் சொன்னார். கல்லின் மூலையிலிருந்து பலகையின் விளிம்புவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"ஆரும் அதிலை ஏறி இருந்தனிங்களோ?" என்றார் அம்மா.

ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த நாளே கல் பூட்டும் அங்கிள் வந்தார். வெடிப்பின் மேல் விரலை ஓட்டினார். "நான் சொன்னனான்தானே" என்றார். பிறகு அதே மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். அப்பா அதை நிறுத்தினால் விஷயம் பெரிதென்று அர்த்தம். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கார் வெளியில்தான் நின்றது. அப்பா விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறவர். தினமும் இருபது நிமிடம் முந்தி எழுந்து, பனியை வழித்து, கண்ணாடியில் இறுகிய ஐஸைச் சுரண்டிவிட்டுத்தான் போவார். அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

"பிள்ளை, இந்த விண்டர் போகட்டும்" என்றார். "அடுத்த ஸ்னோ விழ முதல், வெளி ஆக்கள் நாலு பேர் தாங்களாக் கேட்டு வாங்கிற மாதிரி ஒண்டு செய்து காட்டு. கராஜ் உன்ரை. இல்லாட்டி கார் உள்ளுக்கு, வாள் வெளியிலை. சரியோ?"

"நாலு பேரோ? மாமிமார், சித்திமாரைச் சேக்கலாமோ?"

"சொந்தத்தைச் சேக்கேலாது. அவை முகத்துக்காகக் கேப்பினம்."

சரி என்றேன். வேறு வழியிருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் ஒரு விடை பிழைத்தால் அழுதுகொண்டிருக்க மாட்டோம், அளப்போம். வெடித்த மேசையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சமையலறைச் சுவரில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அதன் அகலத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதினேன். ஜனவரியில் முந்நூறு மில்லிமீட்டர். வசந்தம் வர அது மெல்ல மெல்ல அகன்றது. ஓகஸ்டில் முந்நூற்று நான்கு. கோடையில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் விரியும், குளிர்காலத்தில் ஹீற்றர் காற்றில் காய்ந்து ஒடுங்கும். கல் எந்தக் காலத்திலும் அசையாது. மரம் விரிந்து நின்ற மாதத்தில் நான் கல்லை இறுக்கிப் பூட்டியிருந்தேன். ஒடுங்க இடமில்லாமல் அது வெடித்தது. புத்தகங்களில் இது முதலாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது என்பதை நூலகத்தில் பிறகுதான் கண்டேன். ஆனாலும் என் கொப்பியில் இருந்த நான்கு மில்லிமீட்டரைத்தான் நான் நம்பினேன்.

அம்மா அந்தக் கொப்பியைத் தூக்கிப் பார்ப்பார். எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். "இந்தக் கிழமை கூடியிட்டுது போலை" என்பார், பிள்ளையின் நிறை பார்த்த மாதிரி.

செப்ரெம்பரில் அம்மாவோடு வேலை செய்யும் அன்ரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருபது வருடம் அஜின்கோர்ட்டில் மாடிக் குடியிருப்பில் இருந்தவர், அஜக்ஸில் புது வீடு வாங்கியிருந்தார். புதுமனை புகும் குடிபூரலுக்கு நாள் வைத்தாகிவிட்டது. ஆனால் பால் காய்ச்சும் இடம்தான் அவருக்குப் பிரச்சினை. தங்கையின் குடிபூரலில் கண்ணாடித் தட்டு மின்னடுப்பில் பால் பொங்கி, கருகி, புகை எச்சரிக்கை மணி அலறி, ஐயர் மந்திரத்தை நிறுத்தி வெளியே ஓடியிருக்கிறார்.

"எனக்கு ஹோலின்ரை நடுவிலை, சின்ன காஸ் அடுப்பு வைச்சுப் பொங்க வேணும்" என்றார் அன்ரி. "ஆனால் புது மரத் தரை. ஒரு சொட்டும் கீழை படக்கூடாது. பால் நல்லாப் பொங்கவும் வேணும். உன்னாலை ஏலுமோ பிள்ளை?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வெடித்த மேசை தெரிந்தது. "ஏலும் அன்ரி" என்றேன்.

முதல் ஆள். அன்றிரவு அப்பாவிடம் ஒரு விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

அந்தப் பால் பொங்கும் பலகைக்கு ஐந்து வார இறுதிகள் போயின. ஒரு சாண் உயரத்தில் மேப்பிள் கால்கள், மேப்பிள் சட்டம். இந்த முறை மூலைகள் பொருந்தின. நகம் போகாது. அதற்குள் சதுரமான கருங்கல். கல்லை மரத்தோடு ஒட்டவில்லை. அடியில் நான்கு ரப்பர் வில்லைகளை வைத்து அதன்மேல் சும்மா இருத்தினேன். சுற்றிவர ஒரு சிறு இடைவெளி, மரம் விரும்பியபடி விரியலாம், ஒடுங்கலாம். கல்லின் நாலு ஓரத்திலும் விரலளவு அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினேன். பொங்கி வழியும் பால் அதில் சேர்ந்து நிற்கும், தரைக்குப் போகாது. அந்த வாய்க்காலை வழவழப்பாக்கவே இரண்டு முழு நாள். பாலைத் துடைக்கும்போது துணி எங்கேயும் மாட்டக் கூடாதே.

கடைசியில் நீர்மட்டத்தைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. நான் செய்த எதுவும் அதுவரை அவ்வளவு மட்டமாக வந்ததில்லை.

குடிபூரல் ஒக்டோபர் கடைசியில், விடியப்புறம். புது வீட்டுத் தரை ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. புது வீடுகளே இப்படித்தான். நான் மட்டைத் துண்டுகளை மடித்துக் கால்களுக்குக் கீழே வைத்து, நீர்மட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை சரிபார்த்தேன். அன்ரியின் சமையலறைக் கல்லைப் பூட்டியவரும் நமது அங்கிள்தான். அவரும் வந்திருந்தார். பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு, நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்தார்.

"ம். மூச்சு விட இடம் விட்டிருக்கிறாய்" என்றார். அவரிடமிருந்து இதுவே அதிகம்.

ஐயர் கைத்தொலைபேசியில் திசை பார்த்து, பால் வழிய வேண்டிய கிழக்கு இதுதான் என்று யன்னலைக் காட்டினார். அடுப்பு ஏறியது, பானை ஏறியது. முப்பது பேர் சுற்றிவர நின்றோம். யன்னல்களைத் திறந்துவிட்டிருந்ததால் எல்லோரும் ஜாக்கெட்டோடு நின்றார்கள். பால் விளிம்புக்கு வந்தது, நுரைத்தது, பொங்கியது.

கிழக்கே பொங்கவில்லை. அதற்கு நேர் எதிரே, சுவர்ப் பக்கமாகப் பொங்கியது.

வாய்க்கால் தன் வேலையைச் செய்தது, தரையில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் அதைப் பார்ப்பார் இல்லை. எல்லோரும் பானையின் பிழையான பக்கத்தையே பார்த்தார்கள். அன்ரியின் முகம் சிறுத்துப் போனது. இருபது வருடம் காத்திருந்த வீடு. இந்தப் பலகையில் பொங்கினால் பால் தலைகீழாய்ப் போகும் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், எங்கள் ஸ்காபரோ முழுக்க ஒருவரும் இதைக் கேட்க மாட்டார்கள். கராஜும் போய்விடும்.

அன்ரியின் தமக்கை குனிந்து பலகையின் கால்களைப் பார்த்தார்.

"உதை ஆர் மட்டம் பாத்து வைச்சது?"

"நான்தான் அன்ரி" என்றேன். "சரியா மட்டமா இருக்கு."

"அதுதான் பிழை! மட்டமா வைச்சால் பால் தன்ரை எண்ணத்துக்குத்தானே போகும்? மற்றப் பக்கத்தைக் கொஞ்சம் உயத்தி விட்டால்தான் கிழக்கை வரும். இது தெரியாதோ? என்ன பிள்ளை படிச்சனி?"

பிறகு பின்னால் நின்ற ஒருவர் மெல்லச் சொன்னார்: "நாங்கள் லொத்தர் ரிக்கெற் ஒண்டை மடிச்சு அடுப்புக்குக் கீழை வைச்சனாங்கள்."

"நான் தேக்கரண்டி" என்றார் இன்னொருவர்.

"எங்கடை வீட்டிலை வங்கியின்ரை வீட்டுக்கடன் கடிதம். மோட்கேச் கடிதம்தான் நல்ல தடிப்பு."

அன்ரியின் கணவர் தமக்கையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உங்கடை வீட்டுப் பாலும்?"

"பின்னை? பாலுக்குத் திசை தெரியுமோ?"

முதலில் சிரித்தது அன்ரிதான். பிறகு வீடே சிரித்தது. இவ்வளவு காலமும் ஒருவருக்கொருவர் மறைத்துச் செய்துவந்ததை முப்பது பேரும் போட்டி போட்டு ஒப்புக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை ஐயர் பொறுத்திருந்தார்.

"இன்னும் பால் இருக்கோ?" என்று கேட்டார். "முதல் பொங்கல் அக்கினிக்கு. இரண்டாவதுதான் வீட்டுக்கு. அதுதான் முறை."

அப்படி ஒரு முறை இருப்பதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வேறு எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. எல்லோரும் "ஓம் ஓம், அதுதான் முறை" என்றார்கள். நான் கல்லைத் துடைத்தேன். இரண்டு துடைப்பில் பளபளவென்று வந்துவிட்டது. சுவர்ப் பக்கக் கால்களுக்குக் கீழே இன்னும் ஒரு மட்டையை மடித்து வைத்தேன். நீர்மட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. இரண்டாவது பால் யன்னலைப் பார்த்து நேராகப் பொங்கியது. அன்ரி அழுதார், அது சந்தோஷ அழுகை.

சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது தமக்கை அன்ரி கிட்ட வந்தார்.

"மகளுக்குத் தையிலை குடிபூரல். உதைப் போலை ஒண்டு வேணும். ஆனால் சரிவாச் செய். பாக்கச் சரிவு தெரியக்கூடாது."

லொத்தர் ரிக்கெற் வைத்தவரும் கேட்டார், தைப்பொங்கலுக்கு. மோட்கேச் கடிதம் வைத்தவர், பிள்ளைகள் வீடு வாங்கும் நாளுக்கு என்று இப்போதே சொல்லி வைத்தார்.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் அப்பா ஸ்டீயரிங்கின் மேல் விரல் விட்டு எண்ணினார்.

"நாலு பேர் எண்டனான். இண்டைக்கு மூண்டு பேர்தான் கேட்டவை."

"வீட்டுக்கார அன்ரியோடை நாலு, அப்பா. அவ சொந்தம் இல்லை."

பின்னால் இருந்து அம்மா சொன்னார்: "அவள் சொல்லுறது சரி. நானும் எண்ணினனான்."

அப்பா சிரித்துவிட்டார். "சரி. கராஜ் உன்ரை. கார் வெளியிலை."

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது. நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்த அன்று, விடியற்காலையில் சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். யன்னலால் பார்த்தேன். அப்பா கார்க் கண்ணாடியில் குனிந்து நின்றார். அவருடைய சுரண்டி போன வருடமே உடைந்திருக்கிறது, புதிது வாங்கவில்லை. கையில் இருந்தது காலாவதியான என் பல்கலைக்கழக மாணவர் அட்டை. நான் கீழே போய்க் கேட்டபோது, "நல்ல உறுதியான அட்டை. வீணாப் போகேல்லை" என்றார்.

கராஜை நான் நியாயமாக வென்றிருந்தேன். அது எனக்கு வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அன்று காலை பேருந்தில் போகும்போது வேறொரு கணக்கு ஓடியது. மூன்று பலகைக்குக் கல் வெட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் டிரைவ்வேயில் உறைந்துவிடும். வசந்தம்வரை யாரையும் காக்க வைக்க முடியாது. மதிய இடைவேளையில், ஒஷாவாவில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் வேலைக்கூடம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆறாவது ஆளுக்கு இடம் இருந்தது. சூடான கட்டடம், கல் வெட்டத் தண்ணீர்க் குழாய், தரையில் வடிகால்.

"வெண்டதை விட்டுட்டு ஏன் ஒஷாவாவுக்கு ஓடுறாய்?" என்றார் அப்பா.

"அங்கை வடிகால் இருக்கு அப்பா."

மாணவர் அட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அங்கிளின் வானில் மேசை வாளை ஏற்றிக்கொண்டு அப்பாவும் நானும் அங்கிளும் போனோம். அங்கிள் வழிநெடுக, "மெல்ல, அது கல்லு இல்லை, இரும்பு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே ஓட்டினார். அம்மா அன்றைக்கே கராஜைக் கூட்டிக் கழுவி, காரை உள்ளே விடச் சொன்னார்.

ஆய்வுகூடத்தில் வாரத்துக்கு நான்கு நாள் வேலையாக மாற்றித் தரக் கேட்டேன். தந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகள் இப்போது என்னுடையவை. முந்தாநாள் முதல் வெள்ளி. ஒஷாவாவில் குழாயைத் திறந்து, முகமூடியைப் போட்டு, தமக்கை அன்ரியின் மகளுக்கான கல்லை வெட்டி எடுத்துவிட்டேன்.